சிவப்பில் நின்ற மிதவை

பேட்டரிக்குள் இருப்பது தண்ணீர்தான், கரண்ட் அதில் சர்க்கரை மாதிரி கரைந்து கிடக்கிறது, ஆகவே தண்ணீர் கூடினால் கரண்டும் கூடும் என்று பதினோரு வயதில் நான் நம்பினேன். சர்க்கரைத் தண்ணீரில் மேலும் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று யோசிக்கும் அளவுக்கு அப்போது அறிவு இருந்திருந்தால், இன்று இதை எழுத வேண்டி வந்திருக்காது.

ஹைதராபாத் காஞ்சன்பாக் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் என்னோடு வளர்ந்து, இப்போது ஊருக்கு ஒருவராகச் சிதறி, முழங்கால் வலிக்கு ஒருவருக்கொருவர் எண்ணெய் சிபாரிசு செய்துகொண்டிருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் நம் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் கேட்டார்: "செத்த பேட்டரிக்குப் பெயிண்ட் அடிச்சுப் புதுசுன்னு தள்ளிவிட்டாரே, பேட்டரி பாய், ஞாபகம் இருக்கா?" வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. முதல் பொம்மை என்னுடையது. குழுவின் கோமாளிப் பதவியில் ரொம்ப காலமாக இருப்பவன் நான். விரல் தானாகப் போய் அமுக்கிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இறங்கியது. பொய் சொல்வானேன்.

பாயை மறந்தவர்களுக்காக: ஒல்லியான மனிதர், தலையில் தொப்பி, ஒரு சைக்கிள், அதன் கேரியரில் மரப்பெட்டி. ஆசிட் பட்டுப் பட்டு அவருடைய சட்டையின் முன்பக்கம் சல்லடையாக இருக்கும். அவருடைய தமிழ் நம் அம்மாக்களிடம் பொறுக்கியது. திருநெல்வேலி, தஞ்சாவூர், கோயம்புத்தூர் எல்லாம் அதில் கலந்திருக்கும். இடையிடையே ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்று ஹைதராபாத் தலைகாட்டும். சந்தோஷ் நகர் பக்கம் ஒற்றை அறைக் கடை ஒன்று வைத்திருந்தார். ஆனால் முக்கால்வாசிப் பிழைப்பு நம் குவார்ட்டர்ஸ் ஸ்கூட்டர்களிலும் பத்துப் பன்னிரண்டு கார்களிலும்தான். வெளியாள் யாரும் நம் கேட்டைச் சும்மா தாண்ட முடியாது என்பது உங்களுக்கே தெரியும். பால்காரர் முதல் இஸ்திரிக்காரர் வரை, நலச் சங்கச் செயலாளர் கையெழுத்துப் போட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். பாய் தன்னுடையதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைப் பையில் நெஞ்சோடு வைத்திருப்பார். அது போனால் பிழைப்பும் போயிற்று.

அந்த மே மாதம் எங்கள் வீட்டுப் பழைய சாம்பல் நிறக் காருக்குப் பாய் புது பேட்டரி வைத்தார். என் அப்பா தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவு. உருப்படியை அளப்பார், தேறாவிட்டால் சிவப்புச் சீட்டைக் கம்பியால் கட்டி ஓரமாக வைப்பார். அதில் சில சீட்டுகள் வீட்டு மேஜை டிராயரிலும் கிடக்கும். ஒரு தடவை விளையாட்டாக அம்மாவின் இட்லிப் பாத்திரத்தில் ஒன்றைக் கட்டினார். அன்றைக்கு ராத்திரி உப்புமாவை அவரே கிண்டிக்கொண்டார்.

அப்பாவுக்கு மனிதர்கள் பேசுவதில் நம்பிக்கை குறைவு. "ரீடிங் பேசட்டும், நாம பொறவு பேசுவோம்" என்பார். எனவே பாய் பேட்டரியைப் பொருத்தியதும் ஆறு மூடிகளையும் திறக்கச் சொல்லி, தன் சொந்த ஹைட்ரோமீட்டரையே கொண்டுவந்தார். அது ஒரு கண்ணாடிக் குழாய். தலையில் கறுப்பு ரப்பர் குமிழ். உள்ளே ஒரு மிதவை, அதில் சிவப்பு, வெள்ளை, பச்சை என மூன்று பட்டைகள். குமிழை அமுக்கி விட்டால் பேட்டரியின் ஆசிட் குழாய்க்குள் ஏறும், மிதவை தூக்கிக்கொள்ளும். பச்சைப் பட்டை வரை மேலே வந்தால் நல்ல பேட்டரி. சிவப்போடு நின்றால் கோளாறு.

"பாருங்க சாப், ஆறும் பச்சை. இது புள்ளை மாதிரி, ஹவ். புதுசு" என்றார் பாய்.

"நீரு சொல்லாதேயும்வே, அது சொல்லட்டும்" என்றார் அப்பா. மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அறையாகப் பார்த்து எண்ணைச் சொன்னார். ஒரு அட்டையில் நான் எழுதினேன். ஆறும் ஒரே எண். அப்பா சிரித்தே விட்டார். பாய் என்னைக் கூப்பிட்டு, "பாபு, நீ ஒரு வாட்டி அமுக்கு" என்று குமிழைக் கையில் கொடுத்தார். மிதவை எழும்பி ஆடியதும், புளித்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் இன்னமும் அப்படியே இருக்கிறது.

கிளம்பும்போது மேல் வீட்டு மாமாவின் ஸ்கூட்டரைப் பார்த்தார் பாய். அதன் பேட்டரியில் பாட்டிலிலிருந்து எதையோ ஊற்றினார். "தண்ணி கம்மி ஆயிருக்கு மாமா. அதான் உசிர் இல்ல" என்றார். என் சித்தாந்தம் பிறந்தது அந்த நிமிஷத்தில்தான். தண்ணீர் என்றால் உயிர். பாட்டிலில் இருந்தது எந்தத் தண்ணீர், அதை எப்போது, எந்த மட்டம் வரை ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் அற்ப விவரங்கள். மகான்கள் அதையெல்லாம் கேட்பதில்லை.

அப்பா தொழிற்சாலைக்குப் பஸ்ஸில்தான் போவார். கார் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். மற்ற நாளெல்லாம் பச்சைக் கித்தான் உறைக்குள் தூங்கும். உறையின் அடியில் நுழைந்து கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்வதுதான் என் கோடை விடுமுறை. உள்ளே குளத்தடி மாதிரி ஒரு பச்சை இருட்டு. ரெக்சின் சீட் தொடையைப் பொசுக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் மலைப்பாதையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். மலைப்பாதையில் இரவாகிவிட்டது, எனவே ஹெட்லைட்டைப் போட்டேன். அந்த வண்டியில் சாவி இல்லாமலே லைட் எரியும். அப்போது நீங்கள்தான், உங்களில் மூன்று பேர், வெளியிலிருந்து கூப்பிட்டீர்கள்: "டேய், பேட்டிங் உனக்கு, வரியா இல்லையா?" லாரியை மலை உச்சியிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தேன். உறை மூடியிருந்ததால் வெளிச்சம் யார் கண்ணிலும் படவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு, பால் டம்ளரைக் கையில் வாங்கியபோது ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தால் ஹெட்லைட் சாமி அறை விளக்கு அளவுக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. அணைத்தேன். நாளைக்கு ஞாயிறு. காலையில் ஏழு மணிக்கு அப்பா மூடியைத் திறந்து ரீடிங் எடுப்பார்.

அன்றைய என் பயத்தை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்பா ராணுவத்துக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அவருடைய பேட்டரியைக் கொன்றால் அது தேசத்துரோகம். கேட்டில் துப்பாக்கியோடு நிற்பவர் என்னைச் சுடக் கடமைப்பட்டவர். இந்த வரிசையில் போயிற்று யோசனை. ராத்திரி தப்பியோடுவதற்காகப் பள்ளிக்கூடப் பையில் இரண்டு பிஸ்கட்டும் ஒரு காம்பஸ் பெட்டியும் எடுத்து வைத்தேன். காம்பஸ் இருந்தால் திசை தெரியும் என்று நினைத்தேன். அதற்குள் இருந்தது வட்டம் போடும் காம்பஸ். பிஸ்கட்டை ஒன்பது மணிக்கே தின்றுவிட்டதால் பயணம் ரத்து.

விடிந்ததும் சித்தாந்தம் கைகொடுத்தது. அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் அவர் நின்றால் கால் மணி நேரம் யாருக்கும் பயமில்லை. குழாயில் ஒரு சொம்புத் தண்ணீர் பிடித்தேன். நம் குவார்ட்டர்ஸ் தண்ணீர் எப்படிப்பட்டது என்பது, குக்கருக்குள் வெள்ளைப் படலம் சுரண்டிய உங்கள் அம்மாக்களுக்குத் தெரியும். பானட்டைத் தூக்கி, நாலணாக் காசால் ஆறு மூடிகளையும் திருகினேன். ஒவ்வொரு அறையிலும் ஊற்றினேன். தண்ணீர் உயர்ந்தால் மிதவையும் உயரும், பச்சை வரும்! நிறைந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். வழிந்தது. வழிந்ததைத் துடைக்கத் துணி கொண்டுவரவில்லை. போட்டிருந்த காக்கி டவுசரின் தொடையிலேயே கையைத் துடைத்துத் துடைத்துச் சுத்தம் செய்தேன். விரல் நமநமவென்று அரித்தது. வெற்றியின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

ஏழு மணிக்கு மிதவை குழாயின் அடியிலேயே படுத்துக்கிடந்தது. சிவப்பு. அடுத்த அறை, சிவப்பு. ஆறும் சிவப்பு. அப்பா சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு தடவை 'டக்' என்றது. அவ்வளவுதான்.

அப்பா கோபப்படவில்லை. அதுதான் பயங்கரம். உள்ளே போய் டிராயரைத் திறந்து, ஒரு சிவப்புச் சீட்டை எடுத்து வந்து, பேட்டரியின் கைப்பிடியில் கம்பியால் கட்டினார். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார் மேல் வீட்டு மாமா. நலச் சங்கச் செயலாளர் அவர்தான்.

"என்ன சார், புதுசுன்னாரே?"

"ஒரு மாசம் ஆகலை. ஆறு செல்லும் போச்சு."

"பழசுக்குப் பெயிண்ட் அடிச்சிருப்பான் சார். வெளியாளை நம்பினா இப்படித்தான்."

நம் குழுவில் இன்றும் உலவும் பெயிண்ட் கதைக்கு அதுதான் பிறந்த நேரம். அதைச் சொன்னவர் பேட்டரியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நான் கீழே, காரின் பின்பக்கம், சொம்போடு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை பாய் வந்தார். குனிந்து பார்த்தார், மூடியைத் திறந்தார், நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். "லெவல் ரொம்ப மேல இருக்கு சாப். நான் இவ்ளோ வைக்கலியே?" அப்பா சிவப்புச் சீட்டைக் காட்டினார். பாய் பேட்டரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் சார்ஜ் ஏற்றினார். புதன்கிழமை சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்தபோது எங்கள் வீட்டு வாசலில் ஒரு சின்னக் கூட்டமே நின்றது.

மிதவை கொஞ்சம் ஏறியிருந்தது. ஆனால் சிவப்பைத் தாண்டி வெள்ளையோடு நின்றுவிட்டது. பச்சைக்கு வரவே இல்லை. அடுத்துப் பாய் தன் பெட்டியிலிருந்து இன்னொரு கருவியை எடுத்தார். இரண்டு கொக்கி, நடுவில் தடித்த கம்பி, மேலே ஒரு முள். பேட்டரியைப் பாரம் இழுக்க வைத்துப் பார்ப்பது அது. கம்பி பழுத்துச் சிவந்து சூடான வாடை வந்தது. முள் விழாமல் நின்றது.

"பாருங்க சாப். பாரத்தைத் தாங்குது. பிளேட் நல்லா இருக்கு, நூத்துக்கு நூறு. உள்ள இருக்கிற ஆசிட்தான் நீர்த்துப் போச்சு. யாரோ பச்சைத் தண்ணி ஊத்திருக்காங்க."

"எங்க வீட்டுல யாரு ஊத்துவா?"

"அது எனக்குத் தெரியாது சாப். பேட்டரி சொல்லுது."

"நான் இருவது வருசமா இன்ஸ்பெக்ஷன்ல இருக்கேன். என் மீட்டர் சொல்லுததைத்தான் நான் கேப்பேன். உம்ம முள்ளு உம்ம பேச்சைத்தான் கேக்கும்."

கூட்டத்தில் சிரித்தார்கள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஏல, நீ பேட்டரியைத் தொட்டியா?"

"இல்லப்பா."

எவ்வளவு சுத்தமாகச் சொன்னேன் தெரியுமா! குரல் நடுங்கவில்லை. முகத்தில் ஒரு சின்ன வருத்தம்கூட வைத்திருந்தேன், என்னையா கேட்கிறாய் என்பதுபோல.

"எம் புள்ள பொய் சொல்ல மாட்டான்" என்றார் அப்பா.

அப்போதுதான் பாய் என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. டவுசரைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்த அதே காக்கி டவுசர். இடையில் அம்மா துவைத்துப் போட்டிருந்தாள். நானும் அதையே எடுத்து மாட்டியிருந்தேன். அவருடைய பார்வை போன இடத்துக்கு நானும் குனிந்தேன். வலது தொடையில், கடுகு அளவிலும் மிளகு அளவிலுமாக, ஓரம் பழுப்பேறிய ஓட்டைகள். அவருடைய சட்டையில் இருந்த அதே ஓட்டைகள். ஆசிட் பட்ட துணி துவைத்த பிறகுதான் உதிரும் என்பது அந்தக் கூட்டத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். விரலை நீட்டியிருந்தால் போதும். எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது.

"விடுங்க சாப்" என்றார் பாய். "பாபுவைக் கேக்க நக்கோ. நான் வேற வைக்கிறேன்."

அவர் போன பிறகு அப்பா மேல் வீட்டு மாமாவிடம் சொன்னார்: "பாத்தீரா? பேச்சு அங்கனயே நின்னுட்டு. மடியில கனமில்லாதவன்னா நிறுத்தியிருப்பானா?" அளக்கத் தெரிந்த மனிதர் என் அப்பா. ஒரு மௌனத்தை அவர் அன்று அளந்த அளவு இது.

அம்மா அன்று சாயங்காலமே அந்த டவுசரைக் கழற்றச் சொன்னாள். "சின்னதாப் போச்சுலே" என்று சொல்லி நான்காகக் கிழித்து அடுப்புத் துடைக்க வைத்துக்கொண்டாள். போன தீபாவளிக்குத் தைத்த டவுசர் அது. வளருகிற பிள்ளை என்று ஒரு சுற்றுப் பெரிதாகவே தைத்தது. இடுப்பில் ஊக்குப் போட்டுத்தான் நிற்கும். அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு என்ன தெரிந்திருந்தது என்று கேட்க இப்போது அவள் இல்லை. அப்பாவும் இல்லை.

பாய் மறுநாளே வேறு பேட்டரி கொண்டுவந்து வைத்தார். ஆறும் பச்சை. அப்பா எழுதிக் கொடுத்த புகார்க் கடிதம் அதற்குள் மாடிக்கு, செயலாளர் கைக்குப் போயிருந்தது. திரும்பிப் போகும்போது கேட்டில் பாயின் அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டார்கள். பிளாஸ்டிக் உறையை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். அதை அவர் மடித்து மறுபடியும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். கிரிக்கெட் மட்டையோடு அங்கே நின்றவன் நான். என்னோடு நின்ற இருவர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள்; உங்களுக்கு அது ஞாபகம் இருக்காது. உங்களுக்கு அதில் ஒன்றும் இல்லையே.

பள்ளி திறந்த பிறகும் அவர் கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப் ஓரமாகப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நம் அப்பாக்கள் அவரைக் கடந்துதான் பஸ் ஏறினார்கள். யாரும் ஸ்கூட்டரை அங்கே கொண்டுபோகவில்லை. நான் அந்த வழியைத் தவிர்ப்பதற்காகச் சுவர் ஏறிக் குதித்துப் போவேன். சுவர் ஏறுவதில் நான் சூரன் என்று உங்களுக்கெல்லாம் ஒரு அபிப்பிராயம் உண்டல்லவா, அதன் காரணம் இதுதான். ஜூலை மழையில் ஒரு நாள் அவர் வரவில்லை. பிறகு வரவே இல்லை.

பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் இந்தப் பாடம் வந்தது. பாரச் சோதனையில் தாங்கி, சார்ஜ் ஏற்றிய பிறகும் ஆசிட் மட்டும் நீர்த்தே காட்டினால், பழுது தகட்டில் இல்லை. வெளியிலிருந்து தண்ணீர் சேர்ந்திருக்கிறது. இரண்டு ரீடிங்கையும் சேர்த்துப் படித்தால் விடை ஒன்றுதான் வரும். வாத்தியார் சொல்லச் சொல்ல எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். எனக்கு மட்டும் வேர்த்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சம்பாபேட் பக்கம் என் ஸ்கூட்டர் ஹாரன் நின்றுபோனது. தள்ளிக்கொண்டு போய் நிறுத்திய கடையில் இருந்தவர் அவர். தாடி வெளுத்திருந்தது. கடை வேறு யாருடையதோ. இவர் கூலிக்கு இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். பேட்டரியைக் கழற்றினார், மிதவையைப் பார்த்தார், துடைத்தார், மாட்டினார்.

"சாப் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார், நிமிராமலே.

சொல்லிவிடலாம். கடையில் வேறு யாரும் இல்லை. பதினோரு வருஷம் வாய்க்குள் வைத்திருந்த நாலு வார்த்தை. அந்த நேரம் பார்த்து, பயந்தால் எனக்கு எப்போதும் வரும் வியாதி வந்தது.

"அவருக்கென்ன பாய், இன்னும் அம்மாவுக்கு ரீடிங் எடுத்துட்டிருக்காரு. பச்சைதான்!" என்றேன்.

அவர் சிரித்தார். நல்ல மனிதர், சிரித்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு சின்ன பாட்டில் டிஸ்டில்டு வாட்டரை எடுத்து என் கையில் வைத்தார்.

"இது மட்டும் ஊத்து பாபு. குழாய்த் தண்ணி நக்கோ."

"ஓகே பாய்" என்று சொல்லி வண்டியை உதைத்தேன். ஹாரன் பிரமாதமாக அடித்தது. வழியெல்லாம் அடித்துக்கொண்டே போனேன். ஒரு வருஷம் கழித்துத் தைரியம் சேர்த்துக்கொண்டு போனபோது அந்த இடத்தில் செருப்புக் கடை இருந்தது. பாயைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு ஜோடி செருப்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

உங்களையெல்லாம் இத்தனை வருஷம் சிரிக்க வைத்திருக்கிறேன். இதற்கும் ஒரு சிரிப்புப் பொம்மை போடத் தோன்றினால், போடாதீர்கள். போன வாரம் நான் போட்டதை அழிக்கப் பார்த்தேன். அழித்தாலும் அது எல்லோரும் பார்த்ததுதான். ஆகவே அழிக்காமல், அதன் கீழே இதை ஒட்டுகிறேன்.

பாய் வைத்தது புது பேட்டரி. அதில் ஒரு பழுதும் இல்லை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மறந்தது நான். மறுநாள் காலை ஆறு மூடிகளையும் திறந்து குழாய்த் தண்ணீர் ஊற்றியதும் நான்.